நடுத்தரம்

பெரியப்பாவை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது, வெள்ளவத்தையில் அவருடைய ஒற்றை அறையை மறித்துக் கட்டியிருந்த சேலைதான். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு கதிரைகள்; அந்தப் பக்கம் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, துணி மூட்டைகள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகமொன்றில் பிரதம எழுதுவினைஞராக இருந்தவர். குண்டுவீச்சில் வீடும் பெரியம்மாவும் போன பிறகு மகளான அக்காவோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது என் வேலை கணக்கெடுப்புக்காக வீடுவீடாகப் போய் வருமானம் விசாரிப்பது. உங்கள் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் கடைசியில் கேட்போம். ஒருநாள் விளையாட்டாகப் பெரியப்பாவிடமும் கேட்டேன். “நடுத்தரம். கொஞ்சம் மேலை எண்டும் சொல்லலாம்,” என்றார். அவருடைய ஓய்வூதியத்தோடு, கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் கணக்கெழுதிய அக்காவின் சம்பளத்தைச் சேர்த்தாலும், எங்கள் அட்டவணையில் அவர்கள் அடித்தட்டில்தான் விழுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

அந்தக் கடை முதலாளியே பிறகு அக்காவைப் பெண் கேட்டு வந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் மூட்டை தூக்கக் கொழும்புக்கு வந்தவர். இப்போது கடையும் மாடிவீடும் அவருக்குச் சொந்தம். கதிரை நுனியில் உட்கார்ந்து, “நாங்க ஏழைப்பட்ட ஆளுங்கதாங்க ஐயா. ஆனா அவங்கள நல்லா வச்சிக்குவேன்,” என்றார். அது வெறும் பணிவல்ல. தன்னைப் பற்றி அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். பெரியப்பாவும் அப்படியே எடுத்துக்கொண்டார். தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டு, சேலைப் பக்கம் திரும்பி, “அவையள் எங்கட மட்டத்து ஆக்கள் இல்லைப் பிள்ளை,” என்றார். சேலைக்கு அந்தப் பக்கம் அக்கா கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். சில நாட்களில் அந்த வேலையையும் விட்டுவிட்டாள்.

பெரியப்பா களுபோவில ஆஸ்பத்திரியில் இறந்தார். செத்த வீட்டுக்கு வந்த முதலாளி உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார். தான் இன்னும் கலியாணம் செய்யவில்லை, அக்காவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலைச் சாப்பாடில்லாமல் இருந்த அக்காவிடம், அவருடைய வசதியையும் எங்கள் நிலையையும் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அங்கை போய் நான் ஆர் எண்டு இருக்கிறது, தம்பி?”

இல்லை என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன்.

போர் முடிந்து பல காலமாகிவிட்டது. தலை நரைத்த அக்கா, அந்த வெள்ளவத்தை அறையைவிடச் சின்ன அறையொன்றில் தனியே இருக்கிறாள். போன மாதம் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போனேன். பையைத் திறந்து பார்த்து, கட்டித் திருப்பிக் கையில் தந்தாள்.

“இதை ஆரும் ஏழையளுக்குக் குடு, தம்பி.”