ஐந்து பேர் குறைந்த ஊர்

அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் சரித்திரத்தில் ஒரு பக்கத்தை எழுதியவள் நான். இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை முழுவதும் பிழை. இரண்டாவது தடவை ஒரு வசனம் பிழை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. பகலில் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தவள் என்பது எப்படியோ தேவாலயத்தில் பரவிவிட்டது. அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்தால் யாராவது ஒருவர் கடித உறையோடு வாசலில் நிற்பார். அநேகமாக அகதிக் கோரிக்கை வாக்குமூலம். எப்போது பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யார் வந்து எடுத்தது. திகதி தவறினால் வழக்கே போய்விடும். ஆகவே திகதிகளைத்தான் கவனிப்பேன். முகங்களைக் கவனிப்பதை எந்த வருடத்தில் விட்டேன் என்று நினைவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பதி இருந்தார்கள்; அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கே வந்தார்கள். அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை. வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

"தங்கச்சி, சின்ன வேலை ஒண்டு. எங்கட பழைய ஊரைப் பற்றிப் புத்தகம் அடிக்கப் போகினமாம். எங்களையும் எழுதித் தரட்டாம்."

"எந்த ஊர் அண்ணை? இளவாலையோ?"

"இளவாலைக்கு ஆர் புத்தகம் அடிக்கிறது? இது சஸ்காச்சுவான்."

மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வருவதற்கு முன் அவர்கள் நான்கு வருடம் அங்கே இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கனடாவின் நடுவே சமவெளியில் ஒரு சின்னஞ்சிறு ஊர். அதன் ஒரே சாப்பாட்டுக் கடையையும் வாசலில் நின்ற பெற்றோல் பம்பையும் வாடகைக்கு எடுத்து நடத்தியிருந்தார்கள்.

கடிதம் எழுதியவர் அந்த ஊரின் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒரு வயதான அம்மா. ஊருக்கு நூறு வயதாகிறது, ஊரில் வாழ்ந்த எல்லாக் குடும்பங்களும் தங்கள் கதையை நானூறு சொல்லில் எழுத வேண்டும், ஒரு படமும் வேண்டும் என்றிருந்தார். ஊரின் கதையை அவரே ஒரு பக்கத்தில் சுருக்கியிருந்தார். ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்ப ஒரு தாங்கி கட்டினார்கள். தாங்கியைச் சுற்றி ஊர் வந்தது. உக்ரேனியர், நோர்வேக்காரர், பிறகு கடை வைக்க ஒரு சீனர். பாதையோரம் ஐந்து தானியக் கோபுரங்கள், ஒரு வங்கி, இரண்டு தேவாலயங்கள். பிறகு ரயில் வருவது நின்றது. கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்தார்கள். வங்கி மூடியது. மிஞ்சியது தபாற்கந்தோர், ஒரு தேவாலயம், பள்ளிக்கூடம், சாப்பாட்டுக் கடை. அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு சொல்லும் வெட்டியிருக்க மாட்டேன்.

அண்ணை ஒரு பச்சை நிறக் கோப்பை மேசையில் வைத்தார். அவர்களுடைய பழைய அகதி வழக்குக் கோப்பு.

"இதிலை எல்லாம் இருக்கு. திகதியும் சரி. நீங்கள் சுருக்கினால் காணும்."

எனக்குக் களைப்பு. அதைவிட வேறு காரணம் சொல்ல முடியாது. பதினாறு பக்கத்தை நானூறு சொல்லாக்கினேன். சோதனைச் சாவடி, கைது, இடப்பெயர்வு, கொழும்பு, பயணம். இறுதியில் அந்த ஊரின் பெயர் ஒரே தடவை. தபாலில் போட்டேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. மிகவும் துயரமான விடயங்கள், எழுதி அனுப்பியதற்கு நன்றி என்று தபாலதிபர் அம்மா தொடங்கியிருந்தார். அடுத்த வரி இது: "இதையெல்லாம் நீங்கள் இங்கே இருந்தபோது நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் எங்களோடு இருந்த நான்கு வருடத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுத முடியுமா?"

கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அண்ணை சிரித்தார். "பாருங்கோ, நீதிபதி இன்னும் விளக்கம் கேக்கிறார்." அக்கா சிரிக்கவில்லை. அண்ணை வாகனம் நிறுத்தும் மீற்றருக்குக் காசு போட வெளியே போனதும் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"தங்கச்சி, அந்தப் பள்ளிக்கூடம் மூடினது எங்களாலை. அதைப் பற்றிப் புத்தகத்திலை என்ன போடப் போகினம் எண்டு நினைச்சா எனக்கு நித்திரை இல்லை."

விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் பத்துக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடுவோம் என்று கல்விச் சபை சொல்லியிருந்தது. எட்டுப் பிள்ளைகள் மிஞ்சியிருந்த நேரத்தில்தான் இவர்கள் மூன்று பிள்ளைகளோடு போய் இறங்கினார்கள். பதினொன்று. முதல் நாளே ஊர்ச்சனம் கேக், ஊறுகாய்ப் போத்தல், பனிச் சப்பாத்து எல்லாம் கொண்டு வாசலுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் ஊர்ப் பெயர்ப் பலகையின் கீழ் சனத்தொகை தகடுகளில் தொங்கும். யார் பிறந்தாலும் செத்தாலும் போனாலும் ஒரு கிழவர் ஏணியோடு போய்த் தகட்டை மாற்றுவார். இவர்கள் வந்த கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் மாற்றினார்.

"எங்களோட சேத்து அறுபத்தொண்டு," என்றார் திரும்பி வந்த அண்ணை.

"அறுபத்திரண்டு," என்றார் அக்கா.

"தபால்கார மனிசியின்ர மகள் பேந்து வந்தது. அது வேற கணக்கு."

"நாலு வருஷமும் அடுப்படியிலை நிண்ட உங்களுக்கு என்ன தெரியும்? கல்லாவிலை நிண்டது நான்."

நான் அறுபதுக்குச் சற்று மேல் என்று குறித்துக்கொண்டேன். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தமிழ் கதைக்க இவரைத் தவிர ஒரு சீவன் இல்லை," என்றார் அக்கா. "இவரோட என்னத்தைக் கதைக்கிறது? வெங்காயம் முடிஞ்சுது எண்டு கதைக்கலாம்."

"அதுக்கும் பதில் சொன்னனான்தானே?"

"ஓம். 'ம்' எண்டு."

அவர்கள் அந்த ஊரை விட்டு வந்த விதம்தான் அக்காவை வருத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு புறப்படுகிறவர் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் பயணம் குழம்பும். பக்கத்து வீட்டுக்காரர் பூட்டிய கதவைப் பார்த்துத்தான் அறிவார்கள். கூடப் பிறந்தவர்கள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தபின் அறிவார்கள். யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை, தாங்களும் அப்படித்தான் போகப்போகிறார்கள் என்பதால். இவர்களும் இங்கே அப்படியே செய்தார்கள். பிள்ளைகளுக்குக்கூட முதல்நாள்தான் சொன்னார்கள். பாண் லொறிக்காரனிடம் மட்டும் அடுத்த கிழமை தொடக்கம் பாண் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு காலை, ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம், சாமானை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, கடையைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் கடை நிறைஞ்ச சனம்," என்றார் அக்கா. "ஒரு நாளும் அப்பிடி வந்ததில்லை. சுட்ட அப்பிள் பை எல்லாம் முடிஞ்சுது. கடைசியா அந்த ஏணிக் கிழவன் வந்தான். அவனுக்குக் குடுக்க ஒரு துண்டும் இல்லை. கோப்பியைக் குடிச்சிட்டு, தொப்பியைத் தூக்கிக் காட்டிட்டுப் போனான். எனக்கு அவன்ர முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது."

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் எட்டுப் பிள்ளைகளோடு திறந்தது. கிறிஸ்மஸுக்கு முன் மூடினார்கள்.

இரண்டாவது தடவை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கடை, குளிர், பிள்ளைகள் பனியில் சறுக்கப் பழகியது, தகடு மாற்றிய நாள். கடைசி வசனத்தை அவர் இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்: "போகிறோம் என்று ஊருக்குச் சொல்லாமல் வந்துவிட்டோம். முன்பே தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வேறு வழி பார்த்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"விசரே உனக்கு?" என்றார் அண்ணை. "கேக்காத குற்றத்தை நீயே எழுதிக் குடுக்கிறாய்."

"நான்தான் போவம் எண்டு நிண்டனான். நான் எழுதிறன். உங்களுக்கென்ன?"

அனுப்பினேன்.

அடுத்த வசந்தத்தில் புத்தகம் வந்தது. செங்கல் பாரம். அண்ணை அன்று வேலைக்குப் போயிருந்தார். அக்கா தபால் உறையைப் பிரிக்காமலே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ," என்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூட அத்தியாயத்தை முதலில் பார்த்தேன். முதல் ஆசிரியர், தீப்பிடித்த கூரை, பெரிய வகுப்புகள் இருந்த காலம். இறுதியில் ஒரு வரி: பிள்ளைகள் போதாமல் மூடப்பட்டது. யார் பெயரும் இல்லை. கீழே முழுதாக நடந்த கடைசி வருடத்தின் வகுப்புப் படம். பதினொரு பிள்ளைகள், முன்வரிசையில் இவர்களுடைய மூன்று பேர்.

பிறகு குடும்பங்களின் பகுதி. எங்கள் பக்கம் ஒரு நோர்வேக் குடும்பத்துக்கும் ஒரு உக்ரேனியக் குடும்பத்துக்கும் நடுவில் இருந்தது. நான் எழுதியது எழுதியபடியே. அந்த மன்னிப்பு மட்டும் இல்லை. பக்கத்தின் அடியில் மூன்று வரிக்கு வெற்றிடம் கிடந்தது, ஆகவே இடம் போதாமல் வெட்டவில்லை. தெரிந்துகொண்டே வெட்டியிருக்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னேன்.

"பேரைப் போட்டு ஏசியிருக்கலாம்," என்றார். "இப்ப நாங்கள் போனதே அவையளுக்கு ஒரு பொருட்டில்லை எண்டாகுது."

இரக்கத்தில் வெட்டியிருப்பார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் நிச்சயமில்லை. கடிதத்தின் தலைப்பில் தொலைபேசி இலக்கம் இருந்தது. "அடியுங்கோ," என்றார். அடித்துக் கொடுத்தேன். கல்லாவில் பழகிய ஆங்கிலத்தில் அக்காவே கதைத்தார். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். தபாலதிபர் அம்மா பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். கடைக்குட்டி இப்போது பிரெஞ்சில்தான் சண்டை பிடிக்கிறான் என்று அக்கா சொல்ல இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா அந்த வசனத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"அது உண்மையில்லை, அதனால்தான்," என்றார் அந்த அம்மா, நிதானமாக. "எங்களுக்குத் தெரியும். பாண் லொறிக்காரன் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டு போனான். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்திருந்தோம். சொல்லவில்லை. சொல்லாததற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தோம். அதனால் அந்தச் சனிக்கிழமை எல்லோரும் சாப்பிட வந்தோம்."

தொலைபேசியின் மறுபக்கத்தில் ஒரு நாய் குரைப்பது கேட்டது. பிறகு அக்கா நன்றி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

எட்டு வருடம் நானும் வசனங்களை வெட்டியிருக்கிறேன். நீளத்துக்காக, பயத்துக்காக, ஆசிரியர் சொன்னதற்காக. அந்த அம்மா தகவல் பிழைக்காக வெட்டியிருந்தார். அதைச் சரிபார்த்திருக்க வேண்டியவள் நான்.

தேநீர் ஊற்றினேன். அக்கா குடிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, நெடுஞ்சாலைப் பலகையின் படம் இருந்த பக்கத்தைத் தானே தேடி எடுத்தார். தகடுகளில் இருந்த எண்ணை விரலால் தொட்டார்.

"அவனுக்கும் தெரியும் அப்ப," என்றார். "விடிய ஏணியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியவன் அவன்தானே. ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கலாம், தங்கச்சி."