தோளில் வந்த நோ

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கமரா விட்டு என் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் நோகும் என்றுதான் நினைத்திருந்தேன். நொந்ததோ வலது தோள்மூட்டு. மூச்சை இழுத்தால் உள்ளே ஏதோ குத்தியது. கணவர் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போயிருந்தார். அவரைப் பயப்படுத்த மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மத்தியானம் மச்சாள் கஞ்சியோடு வந்தா. போன வருசம் மாரடைப்பில் போன என் அண்ணையின் மனைவி. நான் தோளைப் பிடித்திருப்பதைக் கண்டதும் முகம் வெளிறிப் போச்சு.

"என்ன செய்யுது?"

"தோள் நோகுது. கொஞ்சம் படுத்தால் சரியாயிடும், மச்சாள்."

"படுக்கவேண்டாம். எழும்பு!" என்று கத்தினா. ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனா.

இதயத்தைச் சோதித்தார்கள். பழுதில்லை. பிறகு நேர்ஸ் வந்து விளங்கப்படுத்தினா.

"ஒப்பரேசனுக்கு வயித்தை ஊதவைக்க வாயு அடிக்கிறவை. அதிலை மிஞ்சினது நெஞ்சுக்குக் கீழை இருக்கிற மூச்சுத் தசையை உறுத்த, நோ தோளிலை தெரியும். கரைஞ்சு போயிடும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடவுங்கோ. தந்த குளிசையை நோ கூடுமட்டும் பாத்திராமல் நேரத்துக்குப் போடுங்கோ. இருமல் வரேக்கை தலையணையை வயித்தோடை அணைச்சுப் பிடியுங்கோ. மூச்சு முட்டினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால் உடனை வாங்கோ."

திரும்பும்போது ஓட்டோ ஒவ்வொரு குழியிலும் என் வயிற்றை உலுக்கியது. மச்சாள் வெளியே பார்த்தபடி இருந்தா.

"உன்ரை அண்ணையும் தோள் நோகுதெண்டுதான் சொன்னவர்," என்றா திடீரென்று. "நான் எண்ணெய் தேய்ச்சுவிட்டு, படுங்கோ எண்டனான்."

இதை அவ யாரிடமும் சொன்னதில்லை.

"அது மாரடைப்பெண்டு உங்களுக்கு எப்பிடி மச்சாள் தெரிஞ்சிருக்கும்?" என்றேன். அவவின் கையைப் பிடிக்கச் சரியக்கூட முடியாமல் நோவோடு நிமிர்ந்தே இருந்தேன்.

மச்சாள் பின்னேரங்களில் வந்து என்னை முற்றத்தில் நடத்தினா. சில நாளில் தோள் நோ போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க அவவின் கண் என் முகத்திலேயே இருந்தது. அண்ணையின் கதையை நாங்கள் இருவரும் பிறகு எடுக்கவில்லை.