எந்த சர்ச்சுன்னு சொல்லுங்க

கொரியாவின் குன்சான் துறைமுக நகர மீன் சந்தையில், போங்ஹியின் மீன் கடைக்குப் பக்கத்துக் கடை வெகு நாள் பூட்டிக் கிடந்தது. அங்கே மா சுன்ஜா வந்து, சோயா சாஸில் ஊறிய நண்டும் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயும் விற்கத் தொடங்கினாள்.

"அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். நான் இயேசுவ நம்பறவ" என்றாள், வந்த அன்றே.

போங்ஹி மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "நான் கேட்டேனா?"

போங்ஹியின் தங்கை மகள், வேதப் படிப்பு என்று போய் ஏதோ கள்ளச் சபையில் சிக்கினாள். எங்கே போகிறாய் என்று கேட்டால், "இப்ப சொல்ல முடியாது பெரியம்மா" என்பாள். பிறகு வீட்டுக்கே வராமல் போனாள். அதிலிருந்து சாமி பேச்செடுப்பவர்களைக் கண்டாலே போங்ஹிக்கு ஆகாது.

சுன்ஜாவுக்கோ வாயைத் திறந்தால் அதே பேச்சு. துறைமுகத்தில் சாராயக் கடை வைத்திருந்தது, விற்றதைவிடத் தானே குடித்தது அதிகம், மகன் வெறுத்துப்போய் வீட்டைவிட்டு ஓடியது, சர்ச் படியில் விழுந்து கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்து யாரோ கஞ்சி கொடுத்தது. எல்லாவற்றையும் நண்டுக்கு விலை சொல்லும் அதே குரலில் வாங்க வருபவர்களிடம் சொல்வாள்.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்றே போங்ஹிக்குத் தோன்றியது. சுன்ஜா ஒரு டப்பா நண்டு கொடுத்தால், அடியில் துண்டுப் பிரசுரம் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தாள். இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்தது.

வசந்த காலத்தில் யூரிம் என்ற பெண் மீன் வாங்க வரத் தொடங்கினாள். "அம்மா, அம்மா" என்று ஒட்டிக்கொண்டாள். இலவசமாக மனப் பரிசோதனை செய்வதாகச் சொல்லி, காகிதத்தில் ஒரு மரம் வரையச் சொன்னாள். படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்காகவோ ரொம்ப நாளா காத்திருக்கீங்கம்மா" என்றாள். தங்கை மகள் நினைவில் போங்ஹிக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்துக் கடை மாடியில் நடந்த 'மன அமைதி வகுப்பு'க்குப் போக ஆரம்பித்தாள். யூரிம் ஒருநாளும் சாமி பெயரை எடுக்கவில்லை. அதுவே போங்ஹிக்குப் பிடித்திருந்தது.

சுன்ஜாதான் ஒருநாள் யூரிமை மறித்தாள். "ஏம்மா, நீ எந்த சர்ச்சு?"

"ஐயோ, எனக்கு அதெல்லாம் எதுவும் இல்லீங்க" என்று சிரித்தபடி நழுவினாள் யூரிம்.

போங்ஹிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் உன் கூட்டத்துக்கு வராம அங்க போறேன்னு வயித்தெரிச்சலாடி?"

சுன்ஜா தன் கடைக்குத் திரும்பி நண்டு டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் பைபிளைத் திறந்தார். வெளியே வந்ததும் யூரிம் காதோடு சொன்னாள்: "இத யார்கிட்டயும் இப்ப சொல்லாதீங்கம்மா. புரியாதவங்க தடுத்துடுவாங்க."

இரண்டு நாள் அந்தப் பேச்சு போங்ஹியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டே, சுன்ஜாவின் முகத்தைப் பாராமல், "யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்" என்றாள்.

"நானும் வரேன்" என்றாள் சுன்ஜா.

நண்டு வாடை அடிக்கும் கோட்டோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆசிரியர் பேசத் தொடங்கியதும் எழுந்தாள்.

"நான் மா சுன்ஜா. துறைமுகத்துப் பக்கத்து சர்ச்சுக்குப் போறேன். பழைய குடிகாரி. நீங்க எந்த சர்ச்சுன்னு சொல்லுங்க."

"நேரம் வரும்போது தெரியவரும்" என்றார் ஆசிரியர்.

"பேரச் சொல்ல என்னங்க நேரம்?"

போங்ஹி யூரிமைப் பார்த்தாள். யூரிம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். போங்ஹி பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

படியிறங்கும்போது உறுமினாள். "இதுக்காக உன் சர்ச்சுக்கு வந்துடுவேன்னு நினைக்காத."

"வான்னு நான் சொல்லலையே."

"சொல்லுவ."

"சொல்லத்தான் போறேன். ஆனா எங்க, எதுக்குன்னு சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்."

அதன் பிறகு யூரிம் சந்தைப் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்த கடையைக் காட்டி, அந்த நண்டுக்காரி எப்படிப்பட்டவள் என்று புதிதாக மீன் வாங்க வந்த ஒருத்தி கேட்டாள்.

"சர்ச்சுக்குப் போயிருக்கா, மதியம் வருவா. நண்டு நல்லா இருக்கும்" என்றாள் போங்ஹி. "ஆளத்தான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்."