அண்ணர் சுட்ட வான்கோழி

எங்கள் அண்ணர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர்க் கட்டுரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பிறந்த ஊர், பட்ட துன்பம், பண்பு நலன், இறுதி நாட்கள், நன்றி. கந்தோரில் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான், ஒழுங்கை மீறமாட்டேன். சில பகுதிகளைச் சுருக்குவேன், ஒன்றை மட்டும் நீட்டுவேன்.

அண்ணர் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். ஜேர்மனியில் சில காலம் குளிர்ந்தபின் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து, ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, உடன்பிறந்தோரை ஒருவர் பின் ஒருவராக இங்கே எடுப்பித்தார். என்னை எடுப்பித்த விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அவர் நிரப்பியிருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

ஓரிடத்தில் இருக்கமாட்டாதவர். தாலி கட்டும் நேரத்தில் கார்த் தரிப்பிடத்தில் நிற்பார். அப்படிப்பட்டவரை, மரத்தடியில் அசையாமல் இருந்தே செய்யவேண்டிய வான்கோழி வேட்டை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கூட வேலை செய்த ஒருவர் அழைத்துப் போனாராம். அதன்பின் ஒவ்வொரு வசந்தமும் போனார். ஒவ்வொரு வசந்தமும் வெறுங்கையோடு வந்தார். எங்கள் தங்கையின் கணவர், விட்பியில் இருப்பதால் விட்பி மச்சான், வருடாவருடம் தொலைபேசியில் கேட்பார்: “என்ன மச்சான், இந்த முறையும் அது உங்களைக் கண்டிட்டுச் சிரிச்சிட்டுப் போட்டுதோ?”

கடைசி வசந்தத்துக்குள் அண்ணரின் இருதயம் களைத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் கூடப் போம். சுடுறாரோ இல்லையோ, ஆளைத் திருப்பிக் கொண்டு வாரும்.”

அண்ணர் காரில் சொன்னது வேறு. “ஒண்டாவது வேணும் தம்பி. வெறுங்கையோட முடிக்க ஏலாது.”

ஒஷாவாவுக்கு வடக்கே, பண்ணை வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவரின் காட்டுத்துண்டு. விடியவில்லை. அண்ணர் தன் பச்சைப் புள்ளிச் சட்டையை அங்கேதான் அணிந்தார். அதை வீட்டுக் கொடியில் காயப்போட அண்ணி ஒருநாளும் விட்டதில்லை. ஆமிக்காரர் உடுத்த அந்தத் துணியை ஊரில் விடியற்புறத்தில் யன்னலால் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வேட்டை விதிக் கைநூலை நான் முழுவதும் படித்திருந்தேன். அண்ணர் படம் பார்த்திருந்தார். வசந்தத்தில் ஆண் பறவையை மட்டுமே சுடலாம். மார்பில் தாடிபோல ஒரு மயிர்க்கற்றை தொங்கவேண்டும். பேடுபோலக் கத்தி ஆணைக் கூப்பிடும் மரப்பெட்டியைக்கூட நான் தொடக்கூடாது, அனுமதி இல்லாதவன். சட்டப்படி நான் ஒரு மரக்கட்டை. ஒரு பெரிய மேப்பிள் மரத்தில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். என்னை மறுபக்கம் இருத்தினார்.

“பக்கத்திலை இருந்தா நீ சட்டம் கதைப்பாய்.”

இருவர் முதுகுக்கும் நடுவே மரம். அவரை நான் பார்க்க முடியாது. மூச்சை மட்டும் கேட்கலாம். அது இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். நிற்கும்போதெல்லாம் என் கை தரையை ஊன்றும், எழும்பிப் பார்க்க. மரப்பெட்டி கிறீச்சிடும். இருக்கிறார். மறுபடி உட்காருவேன். ஈரம் காற்சட்டையில் ஏறியது. கொசு காதுக்குள் போனது. அண்ணிக்கு என்ன சொல்வது, அம்புலன்சுக்கு இந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

தூரத்தில் ஒரு கொக்கரிப்பு. பெட்டி பதில் சொன்னது. மறுபடி கொக்கரிப்பு, கிட்ட. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் கண்ணை உயர்த்தினேன்.

“அண்ணை.”

“சத்தம் போடாதை.”

“இஞ்சாலை நிக்குது. என்ரை பக்கம்.”

அப்பால் மூச்சு நின்றது.

“தாடி?”

“கிடக்கு.”

“எவ்வளவு தூரம்?”

“உங்கட டிரைவ்வே அளவு.”

அண்ணர் திரும்ப முடியாது. ஒரு விரல் அசைந்தாலும் அது கண்டுவிடும்.

“என்ன செய்யிறான்? சொல்லடா!”

“வாலை விரிச்சுக்கொண்டு சுத்துறான். செட்டை நிலத்திலை உரசுது.”

“தலை?”

“நீலம்... இப்ப சிவக்குது... உச்சி வெள்ளை.”

“அறுவான், எனக்குக் காட்டுறானில்லையே.”

வேட்டையை வர்ணிப்பதற்கு அனுமதி வேண்டுமா என்று கைநூலில் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் இரண்டு அடி வைத்தான், நின்றான், கழுத்தை நீட்டினான்.

“உங்கட இடக்கைப் பக்கம் வாறான் அண்ணை. சுத்தி வாறான்.”

துப்பாக்கி மெல்ல உயரும் உரசல் கேட்டது. வா, வா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். ஆளை உயிரோடு கொண்டுபோவதற்காக வந்தவன், அந்த நிமிடம் அதை மறந்திருந்தேன்.

அண்ணருக்கு இருமல் வந்தது. அடக்கினார். தொண்டைக்குள் அது முறுகியது எனக்குக் கேட்டது. பிறகு வெடித்தது.

சருகு பறந்தது. காடு காலியானது.

நான் மரத்தைச் சுற்றி ஓடினேன். அண்ணர் துப்பாக்கியைப் பத்திரமாக நிலத்தில் வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருமினார். முகம் நீலம் பாய்ந்திருந்தது. முதுகைத் தடவினேன். மூச்சு திரும்ப நெடுநேரம் எடுத்தது.

“எவ்வளவு கிட்ட வந்தவன்?”

“இன்னும் நாலு எட்டு.”

கண்ணைத் துடைத்தார். “மச்சானுக்கு என்ன சொல்லுறது?”

பதிலை அவரே கண்டுபிடித்தார். திரும்பும் வழியில் ஸ்காபரோவில் ஒரு பிளாசா இறைச்சிக்கடை. கல்லாக உறைந்த பறவையை அண்ணி குசினியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காட்டிலை இப்ப பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டோ திரியுதுகள்?”

“நீ கறியைக் காய்ச்சு.”

அந்த ஞாயிறு விருந்துக்கு வந்தவர்கள் பலர் இன்று இம்மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அண்ணர் மேசைத் தலைப்பில் இருந்து, “ஈயக்குண்டு கிடக்கும், பாத்துக் கடியுங்கோ” என்றார். நீங்களும் பார்த்துக் கடித்தீர்கள். “கடைச் சாமானிலை உந்த மணம் வராது, இது ஓடித்திரிஞ்ச இறைச்சி” என்று மச்சான் தீர்ப்பு வழங்கி, இரண்டாம் தரமும் வாங்கினார். அன்று அண்ணர் ஒருமுறைகூட எழும்பவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போனார், திரும்பி வரவில்லை.

அவரைப் பார்த்த தாதியருக்கும், இரவிரவாகக் கூட இருந்த மருமக்களுக்கும், காட்டைத் திறந்துவிட்ட தோட்டக்காரருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உண்மையை எழுத அண்ணி அனுமதித்தார். மச்சானிடமும் முன்கூட்டிச் சொல்வது முறை என்று விட்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார். “தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனனான். ஈரலும் கழுத்தும் கடைப் பையோட குப்பைக்குள்ளை கிடந்தது.”

“பிறகேன் மணம், ஓட்டம் எண்டெல்லாம் அளந்தனீர்?”



“மனுசன் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தவர். வேற என்னத்தைச் சொல்லுறது? நீர் எழுதும். ஆனா ரெண்டாம் தரம் வாங்கினது நடிப்பில்லை, அதையும் எழுதும்.”

எழுதியிருக்கிறேன். நன்றி, மச்சான்.