குளிர்பெட்டிப் பொறுப்பாளர்

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள். திருத்தணியே மலையடிவாரத்தை நோக்கிக் காவடியோடு போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு குட்டி வேனில் எங்கள் பங்குக் கோயிலின் குளிர்பெட்டியை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் ஆர்.கே.பேட்டை பக்கம் போனேன். இறந்தவர்களைக் கிடத்தும் பெட்டி. நான்தான் அதற்குப் பொறுப்பாளர்.

மின்சார அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்த வருடமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் தனியாக உட்கார முடியாமல் பங்குத்தந்தையிடம் போய், ஏதாவது சேவை கொடுங்கள் என்றேன். மறைக்கல்வி வகுப்பு, பாடல் குழு என்று எதையாவது சொல்வார் என்று நினைத்தேன். "உங்களுக்குத்தான் கரண்ட் விஷயம் அத்துப்படி ஆச்சே" என்று இந்தப் பெட்டியைத் தந்துவிட்டார். அதிலிருந்து கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நுழைந்தாலே, "இன்னா சார், இன்னிக்கி யாருக்கு அளவெடுக்க வந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

அன்று போன வீடு விசைத்தறித் தெருவில் இருந்தது. வயதான தறித் தொழிலாளி ஒருவரின் மனைவி காலையில் இறந்திருந்தார். ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள்.

"பொண்ணு கெளம்பி வந்துகினு இருக்குது சார். நாளிக்கி சாயங்காலம் வரிக்கும் தாங்கணும்" என்றார் அந்தப் பெரியவர்.

வேலை கொடுத்தவர் அனுமதிக்க வேண்டும், அவர் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் தர வேண்டும், பிறகு டிக்கெட் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள் என்பதும் தெரிந்தது. பெட்டியை இறக்கிவைத்து ப்ளக்கைச் செருகினேன்.

பெட்டி ஓடவில்லை. தெரு முழுக்கத் தறிகள் மின்சாரத்தை இழுக்க, வோல்டேஜ் அதலபாதாளத்தில் இருந்தது. சுற்றுவட்டார ஜெனரேட்டர்கள் எல்லாம் திருவிழாவுக்குப் போயிருந்தன. பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "மனு குடுங்க சார், ஆய்வு பண்ணிச் சொல்றோம்" என்றார் என்னிடம் வேலை கற்றவர். அந்த வாக்கியத்தையும் என்னிடம்தான் கற்றிருந்தார்.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் போய், நாளை வரை தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"தறி ஓடினாதான் சார் உலையில அரிசி" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அந்தப் பொண்ணு நம்ம வூட்ல தின்னு வளந்தது. மெயின ஆப் பண்ணுய்யா. ஞாயம் அப்புறம் பேசலாம்."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். "உயிரோட இருந்தப்ப ஃபேன் கூட இல்ல. செத்தப்புறம் பாரு, ஏசில படுத்துகினு!"

எதிர்வீட்டு அம்மாவே தெருவில் இறங்கி வீடு வீடாகச் சத்தம் போட்டார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அன்பியம் என்கிற எங்கள் பங்கின் தெருக்குழுப் பெண்கள் செபமாலை சொன்னது தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் மதியம் பெரியவரின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. எதிர்வீட்டு அம்மா அதைப் பெட்டிக்கு மேலே பிடித்தார்.

"வுட மாட்டேன்னுட்டாங்க நைனா" என்று மகள் கிசுகிசுத்தாள். "பாத்ரூம்ல ஒளிஞ்சிகினு பேசறேன். அம்மாவக் காட்டு."

கண்ணாடி மூடியில் பனி படர்ந்திருந்தது. துண்டால் துடைத்தேன்.

"வெள்ளையாத்தான் கீது. இன்னும் தொடைங்க."

துடைக்கத் துடைக்க ஆடி மாதப் புழுக்கத்தில் மறுபடியும் படர்ந்தது.

"தொடச்சது போதும் சார், மூடியத் தூக்குங்க!" என்றார் அந்த அம்மா.

"எடுக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாதும்மா" என்றேன். பெட்டியின் விதி அது. யாருக்காக அதைக் குளிராக வைத்திருந்தோமோ அவளே வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும், என் வாயிலிருந்து விதிதான் வந்தது.

அவர் என்னைத் தள்ளிவிட்டு ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினார். அதே நேரம் போனில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. படம் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டோம், போட்டுக்கொண்டே இருந்தோம். அவள் எடுக்கவில்லை.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "மூஞ்சி தெரிஞ்சிருக்குமா சார்?"

"நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. அந்த எண்ணுக்குப் பெரியவர் இன்னும் போட்டுப் பார்க்கிறார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றுதான் வருகிறதாம்.

சில வாரம் கழித்து, ஓய்வுக் காலத்தில் சேவையால் நிறைவு கண்டவர் என்று பிரசங்கத்தில் பங்குத்தந்தை என்னைச் சுட்டிக்காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். பெட்டியைக் கொண்டுபோன எந்த வீட்டிலும் நிறைவு என்று எதையும் நான் கண்டதில்லை. வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது முன்பைவிடப் பாரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போன் வந்தால் கிளம்பிவிடுகிறேன்.

விதிமுறை தெரிந்து பதில் சொன்னதே என் உத்தியோகம். ஒன்றும் தெரியாமல் சொன்ன பதில் அந்தப் பெரியவருக்குச் சொன்னது ஒன்றுதான், அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.