மனைவி பெயருக்கு நேரே ஒரு கோடு

பரிமளாவுக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது. அரசாங்கத்துக்கு இரண்டுமே தெரியாது.

முதல் கல்யாணம் வந்தவாசிக் கமலக்கண்ணனோடு. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன். 1995இல் கைக்குழந்தை காவ்யாவோடு அவள் பிறந்த ஊரான ஆரணிக்கே திரும்பி வந்துவிட்டாள். நெசவாளர் தெருப் பெரியவர்கள் ஐந்து பேர் கோயிலில் உட்கார்ந்து, இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, "இனிமே உனக்கும் அவனுக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். அரை மணியில் முடிந்தது. எதையும் எழுதி வைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பிரிவதைத் தாளில் எழுதினால் தெருவில் தறி ஓடாதாம். புடவையில் ஓர் இழை பிசகினால் கூட்டம் கூடிப் பேசுகிற மகான்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அரைத் தாள் செலவழிக்க மனம் வராமல் எழுந்து போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சேவூர் நெசவாளி முருகேசன் அவளைக் கட்டிக்கொண்டான். காவ்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கோயிலைச் சுற்றி வந்தான். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் கேட்டபோது தன் பெயரைச் சொன்னான். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

2008இல் அவனுக்கு மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கத் திருமணப் பதிவுச் சான்று கேட்டான் ஏஜென்ட். பரிமளா ரேஷன் கார்டை நீட்டினாள்.

"அது அரிசிக்கும்மா. வெளிநாட்டுக்குச் செல்லாது."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடல் தாண்டிப் போகிற மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்வார்கள்? நீ யார் என்று கேட்டால் எதைக் காட்டுவாள்? ராட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருந்தது.

மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். காவ்யாவின் கையெழுத்து அழகு என்பதால் படிவத்தை அவளிடம் கொடுத்தார்கள். 'இத்திருமணத்துக்கு முன் மணமகளின் நிலை' என்ற வரியில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணம் ஆவாதவங்கன்னு போடும்மா. யாரு பாக்கப் போறாங்க?" என்றான் முருகேசன்.

காவ்யாவின் பேனா நகரவில்லை. "அப்போ நான் எங்கேர்ந்துப்பா வந்தேன்?"

"உள்ளத எழுது" என்றாள் பரிமளா.

எழுத்தர் படித்துவிட்டு, விவாகரத்துக்கான கோர்ட்டுத் தீர்ப்பைக் கேட்டார். பரிமளா துரும்புக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர்தான்.

"துரும்ப நான் ஃபைல்ல வெக்க முடியுமாம்மா? வழக்கப்படி தீத்துட்டாங்கன்னு கோர்ட்ல சொல்லுங்க. மொத வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போவும். அவரும் வந்து சொல்லணும்."

பரிமளா காவ்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கமலக்கண்ணன் வருவான். வந்தால் காவ்யாவைப் பார்ப்பான். என் பெண் என்று கையைப் பிடிப்பான். அவனிடமிருந்து விடுபட்டதை நிரூபிக்க அவனையே கூப்பிட வேண்டுமாம்! அடி வாங்கிய நாளில் எட்டிப் பார்க்காத அரசாங்கத்தின்மீது அவளுக்கு ஆத்திரம் வந்தது. அன்று அந்த ஐந்து பேர் நடுவே சர்க்கார் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இன்று இந்தப் பேஜார் இல்லையே என்றும் வயிறு எரிந்தது.

"வாணாங்க. பாஸ்போர்ட்ல எம் பேரே வாணாம். ஜல்தி வாங்க, போலாம்" என்று காவ்யாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

புறப்படும் வாரம் ஏஜென்ட் கம்பெனிப் படிவத்தை நிரப்பினான். மனைவி பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டான். அடுத்த கேள்வி, ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்வது?

"புள்ள இருக்குதா? அதுக்காவது சர்டிபிகேட் இருக்குதா?"

பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தது. தந்தை பெயர் முருகேசன், கீழே முத்திரை. அந்த வரியில் காவ்யாவின் பெயர் ஏறியது. அவன் பெறாத பெண் அவனுக்கு மகளாகிவிட்டாள். பதினோரு வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்கு அந்தக் கோடுதான்.

முருகேசன் மலேசியா போன பிறகு வீட்டில் போன் அடித்தால் பரிமளா எடுப்பதில்லை. காவ்யாவை எடுக்கச் சொல்லிவிட்டு, எதிரே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.