பாட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

"ராத்திரி முழுக்க எரியுத விளக்கு ஒண்ணு அங்கன இருக்கட்டும். மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு வந்துருதேன்" என்று மனைவி வேணி சொன்னது, குமரகுருபரனுக்குச் சாமி சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துக் கிடைத்த உத்தரவு மாதிரி இருந்தது.

அவள் அப்படி நிபந்தனை போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அவர் நினைத்தார். கூட்டுறவுப் பண்டகசாலை எழுத்தர் வேலையை ஓய்வு வயதுக்கு முன்பே உதறிவிட்டு, மணிமுத்தாறுக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியவர் அவர். அச்சாரம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, ஒரு கிணறு, கொஞ்சம் எலுமிச்சைக் கன்றுகள். மின்கம்பி கால்வாய்க் கரையோடு நின்றுவிட்டிருந்தது. வேணி ஒரே ஒரு இரவு அங்கே தங்கினாள். கிணற்றடியில் அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரு கட்டுவிரியனைப் பார்த்தாள். விடிந்ததும் கல்லிடைக்குறிச்சிக்கு, தம்பி நடராஜ் வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள்.

நடராஜுக்கு அப்பளத் தொழில். பெயர்தான் அவனுடையது, பிடி முழுக்க அக்கா கையில். உளுந்து மாவின் பதம், அதில் சேர்க்கும் அப்பளக்காரத்தின் அளவு, தேய்க்க வரும் பெண்களை வேலை வாங்குவது எல்லாமே வேணிதான். பிள்ளையில்லாத அவளுக்கு அந்த வீட்டு முற்றம் எப்போதும் ஆள் நிறைந்த இடம்.

தொண்ணூற்றாறு தொடக்கத்தில், வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் பாட்டரிக் கடை வைத்திருந்த அகமது மீரானிடம் போய் நின்றார் குமரகுருபரன்.

"சோலாரா? அண்ணாச்சி, நான் லாரிக்கு மாட்டியிருக்கேன், பஸ்ஸுக்கு மாட்டியிருக்கேன். சூரியனுக்கு மாட்டுனதில்லையே!"

"நானும்தான் மாட்டுனதில்ல. ரெண்டு பேரும் சேந்து படிப்போம்வே."

மதுரையிலிருந்து தகடு வந்தது. இரும்புக் குழாய் நட்டு, கூரைக்கு மேலே அதை ஏற்றினார்கள். தெற்குப் பார்த்துச் சாய்க்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. ஆனால் அங்கே மேற்கு வானம் முழுக்க மலை. சாயங்காலம் ஆகுமுன்பே வெயிலை விழுங்கிவிடும். அதனால் குமரகுருபரன் நாள் முழுக்க நிழல் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்து, தகட்டைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி முறுக்கினார். பாட்டரியை ஜன்னலோரம் மரப்பலகை மேல் வைத்தார். ஒரு விளக்கு அடுப்படிக்கு, ஒன்று கிணற்றுப் பாதைக்கு. சுவிட்சை வேணி படுக்கும் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும்படி வைத்தார்.

பாட்டரிக்கு ஆசிட் ஊற்றிய அன்று, புளியோதரைப் பொதியோடு வேணியும் வந்திருந்தாள். மீரான் புறங்கையில் ஒரு சொட்டுத் தெறித்தது. அவன் உதறிக்கொண்டே சொன்னான்: "இதுக்கு உங்க அப்பளக்காரம்தான் மருந்து அக்கா. கரைச்சு ஊத்துனா ஆசிட் செத்துரும்."

"செத்துருமா?" என்று வேணி கேட்டாள்.

"சுத்தமாச் செத்துரும். காரமும் ஆசிட்டும் சக்களத்திமாரு, அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கறையாகக் கேட்கிறாளே என்று குமரகுருபரனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

மீரான் அவருக்குச் சொன்ன பாடம் சுருக்கமானது. "கிணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி எதையும் உள்ளே விட்றாதீங்க. கடையில விக்கிற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சார்ஜ் நல்லா ஏறுனா உள்ளே குமிழி விடும், பயப்படாதீங்க."

பங்குனியில் விளக்கு விடிய விடிய எரிந்தது. காலையில் முதல் பஸ்ஸில் ஏறிப் போய் வேணியிடம் சொன்னார். அவள் முகம் மலர்ந்ததாகத்தான் அவருக்குத் தெரிந்தது. "இப்பம் அப்பளம் காயுத வெயிலு. சித்திரை தாண்டட்டும், வந்துருதேன்" என்றாள்.

வாரத்துக்கு ஒருமுறை நடராஜ் தன் மொபெட்டில் ஒரு பை கொண்டுவருவான். ரசப்பொடி, ஊறுகாய், அப்பளக்கட்டு என்று வேணி எடுத்து வைத்தவை. மாதம் ஒருமுறை, அம்பாசமுத்திரத்தில் மீரான் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் கேனும் அதில் இருக்கும். குமரகுருபரன் மூடிகளைத் திறந்து, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போல ஒவ்வொரு துளையிலும் ஊற்றுவார். உள்ளே புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் விளக்கு இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் விடியுமுன்பு அணைந்தது. பிறகு நடுச்சாமத்தில். ஆனியிலும் ஆடியிலும் சாரல் மேகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கூரையில் ஏறித் தகட்டைத் துணியால் துடைத்தார். நிழல் விழுத்திய ஒரு வேம்பின் கிளையை வெட்டினார். ஆவணியில் மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தும், சாப்பிட்டுக் கை கழுவுமுன்பே விளக்கு சிவந்து அணைந்தது. போய்ச் சொன்னபோதெல்லாம் வேணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, "வெசனப்படாதீங்க. எப்படியும் சரியாயிரும். நான் எங்க போயிரப் போறேன்?" என்பாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வருவார்.

கடைசியில் மீரான் வந்து, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தான். உள்ளே மிதக்க வேண்டிய குண்டு அடியிலேயே கிடந்தது.

"இதுல ஆசிட்டே இல்லையே அண்ணாச்சி. வெறும் தண்ணி மாதிரில்லா இருக்கு. நீங்க என்னத்த ஊத்துனீங்க?"

"உன் கடைத் தண்ணிதான்வே!"

மீரான் போன பிறகு, கேனில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் விட்டு நாக்கில் தொட்டுப் பார்த்தார். அப்பள ஊரான கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நாக்குக்கு அந்தச் சுவையை யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்பளக்காரம்.

நடராஜைத்தான் அவர் சந்தேகப்பட்டார். அக்கா போய்விட்டால் அவன் தொழில் படுத்துவிடும். வழி நெடுக பஸ்ஸில் அவனைத் திட்ட வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்.

அன்று வானம் மூடிக் கிடந்தது; முற்றத்தில் பெண்கள் அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அன்னத்தாய்தான் அவரை முதலில் பார்த்தாள். "வாங்க அண்ணாச்சி! சூரியனைப் பிடிச்சுப் பெட்டியில அடைச்சிட்டீகளாமே. இங்கன கொஞ்சம் விடுங்க, அப்பளம் நமத்துப்போகுது."

அவர் சிரிக்கவில்லை. கேனை நடராஜ் முன்னால் வைத்தார். "நாக்குல வச்சுப் பாரு மாப்ளே."

விரலால் தொட்டு நக்கியவன் முகம் மாறிப்போனது. "ஐயோ அத்தான், நான் கடையில வாங்கி அப்படியே அக்காகிட்டதான் குடுப்பேன். பையில எடுத்து வைக்கது அக்கா..." அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குழவிகள் நின்றன. வேணி மட்டும் கையிலிருந்த அப்பளத்தைத் தேய்த்து முடித்து, அடுக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீயா வேணி?"

"விளக்கு எரிஞ்சா வாரேன்னு சொன்னேன். எரிஞ்சிரும்னு நான் நினைக்கல."

"வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எங்கிட்டக் கேட்டுட்டா நிலம் வாங்குனீங்க? சொன்னா மட்டும் கேட்டிருக்கப் போறீங்களா?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது அவள் முற்றம். அவளைச் சுற்றி அவளுடைய ஆட்கள். வழி தவறி வந்த வியாபாரி போல அவர் நின்றார். நிலத்தை அவளிடம் கேட்காமல் வாங்கியது தப்புதான்; அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கூரையில் ஏறித் தகட்டைத் துடைத்த நாட்களில், இவள் இங்கே அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டே அடுத்த கேனுக்குக் காரம் கரைத்திருக்கிறாள். "வெசனப்படாதீங்க" என்று சொன்ன அதே வாயை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வாசல் வரை நடராஜ் ஓடி வந்தான். "அத்தான், புது பாட்டரி நான் வாங்கித் தாரேன். அக்காகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம் மாப்ளே. அங்கன நான் மட்டும்தான இருக்கப் போறேன். எனக்கு அரிக்கேன் போதும்."

அடுத்த வாரமும் பை வந்தது. வேணி அதை நிறுத்தவில்லை; ஊர் வாய்க்குப் பயந்தோ, மனசு கேட்காமலோ தெரியாது. நடராஜ் தலையைக் குனிந்துகொண்டு அதை வைத்துவிட்டுப் போனான். குமரகுருபரன் அடுப்பில் புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ரசப்பொடி டப்பாவைத் திறந்தார். கரண்டியில் எடுத்தவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு ஒரு சிட்டிகையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். மல்லியும் மிளகும் சீரகமும்தான். அவள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அவர் இருந்தவரை, வாரா வாரம் அந்த வீட்டிலிருந்து வந்த எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவர் உலையில் போட்டதில்லை.